யார் பெயர் முதலில்?



திருமண அழைப்பிதழ் அச்சிடும் வீட்டிலே ஒரு சிறு போர் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரியப்பாவின் பெயர் முதலில் வரவேண்டுமா, தாய்மாமன் பெயர் முதலில் வரவேண்டுமா என்பதில் வாக்குவாதம் எழும். அச்சகத்தார் மூன்று முறை திருத்திக்கொண்டு வந்தும் முடிவு ஏற்படாது. பெயர் ஒரு வரி கீழே போய்விட்டதற்காகத் திருமணத்திற்கு வந்தும் பந்தியில் அமராமல் திரும்பிய பெரியவர்கள் உண்டு. இதைக் கேட்டு நாம் நகைக்கிறோம். கல்வி அறிவு வளர்ந்தால் இத்தகைய சிறுமைகள் நீங்கிவிடும் என்றும் எண்ணுகிறோம். ஆனால், கல்வியையே தொழிலாகக் கொண்டவர்களின் உலகத்திலும் இதே கேள்வி நாள்தோறும் எழுகிறது என்று சொன்னால் வியப்பாக இருக்குமன்றோ? அங்கே எழும்போது அது பந்தியோடு முடிந்துவிடுவதில்லை. ஒருவருடைய பதவி, ஊதியம், புகழ், சில சமயம் வாழ்க்கையின் போக்கே அதைப் பொறுத்து அமைகிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆராய்ச்சி செய்தவர் தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதி, அத்துறைக்குரிய இதழில் வெளியிடுகிறார். முற்காலத்தில் பெரும்பாலும் ஒரு கட்டுரைக்கு ஓர் ஆசிரியரே இருந்தார். இன்று அப்படி இல்லை. கருவிகள் பெரியவை, கேள்விகள் சிக்கலானவை, ஒருவரால் ஆவதில்லை. ஆகவே கட்டுரையின் தலைப்புக்குக் கீழே மூன்று பெயர், ஐந்து பெயர், பத்துப் பெயர் நிற்கின்றன. 2015ஆம் ஆண்டில், ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த இரண்டு குழுக்கள் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டன. அதன் ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கங்கள். ஆராய்ச்சிச் செய்தி 9 பக்கங்களில் முடிந்துவிட்டது. எஞ்சிய 24 பக்கங்களும் பெயர்களும் அவர்களுடைய நிறுவனங்களுமே!

பெயர்கள் பல என்றால் அவற்றை எவ்வாறு வரிசைப்படுத்துவது? இங்கேதான் துறைக்குத் துறை வழக்கம் வேறுபடுகிறது. கணித அறிஞர்கள் ஆங்கில நெடுங்கணக்கின் வரிசைப்படியே பெயர்களை எழுதுகிறார்கள். நம் இராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து 1918இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஹார்டியின் பெயர் முதலிலும் இராமானுஜனின் பெயர் அடுத்தும் இருப்பதைக் காணலாம். அதனால் ஹார்டி மிகுதியாக உழைத்தார் என்று எந்தக் கணித அறிஞரும் பொருள் கொள்ள மாட்டார். எழுத்து வரிசை அப்படி, அவ்வளவுதான். மருத்துவத்திலும் உயிரியலிலும் வழக்கம் வேறு. பெரும்பகுதி வேலையைத் தம் கையால் செய்தவர் முதலில் நிற்பார். ஆராய்ச்சிச் சாலையின் தலைவர் கடைசியில் நிற்பார். ஆகவே அங்கே முதலிடத்திற்கும் மதிப்பு உண்டு. கடையிடத்திற்கும் மதிப்பு உண்டு. நடுவில் நிற்பவர்கள் பாடு திண்டாட்டமே.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு கட்டுரையை மற்றொருவர் எடுத்துக்காட்டும்போது எல்லாப் பெயர்களையும் சொல்வதில்லை. முதற்பெயரைச் சொல்லி 'மற்றும் பிறர்' என்று முடித்துவிடுவார். அந்தப் 'பிறர்' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பேருடைய உறக்கமற்ற இரவுகள் புதைந்து கிடக்கின்றன, தெரியுமா?

ஒரு வரலாற்றைச் சொல்லுகிறேன். அமெரிக்காவில், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் ரால்ப் ஆல்பர் என்ற இளைஞர் டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்துவந்தார். அவருக்கு வழிகாட்டியவர் ஜார்ஜ் காமாவ் என்னும் பௌதிகப் பேராசிரியர். பிரபஞ்சம் தோன்றிய தொடக்க நேரத்தில், மிகுந்த வெப்பத்திலே, தனிமங்கள் எவ்வாறு உருவாகியிருக்கக்கூடும் என்பதே ஆல்பரின் ஆராய்ச்சிப் பொருள். கட்டுரை எழுதி முடிந்தது. காமாவ் நகைச்சுவையில் நாட்டமுள்ளவர். ஆல்பர், காமாவ் என்ற பெயர்களைப் பார்த்ததும் அவருக்குக் கிரேக்க நெடுங்கணக்கின் ஆல்பா, காமா என்ற எழுத்துக்கள் நினைவுக்கு வந்தன. நடுவிலே 'பீட்டா' இல்லையே! தம் நண்பரும் பெரும் புகழ் படைத்தவருமான ஹான்ஸ் பேத்தேயின் பெயரை நடுவில் சேர்த்துவிட்டார். பேத்தேக்கு அந்த ஆராய்ச்சியில் எவ்விதப் பங்கும் இல்லை. 'ஆல்பர், பேத்தே, காமாவ்' என்ற மூன்று பெயர்களோடு அக்கட்டுரை 1948ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று 'பிசிக்கல் ரிவியூ' என்ற இதழில் வெளிவந்தது.

விளையாட்டுத்தானே என்று தோன்றும். பேராசிரியர்களுக்கு அது விளையாட்டே. மாணவருக்கு? இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவே தம் பெயரை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று ஆல்பர் கவலைப்பட்டார். அவருடைய பெயர்தான் முதலில் நின்றது என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் அந்தக் கவலை வீண்போகவில்லை. பட்டத்திற்கான வாய்மொழித் தேர்வைக் கேட்கச் சுமார் 300 பேர் கூடினார்கள், பத்திரிகைகள் எழுதின. ஆயினும் காலப்போக்கில் அக்கட்டுரை ஒரு சிலேடைக்காகவே நினைவு கூரப்பட்டது. அதே 1948இல் ஆல்பரும் ராபர்ட் ஹெர்மனும் சேர்ந்து, தொடக்க வெப்பத்தின் எச்சமாக இன்றும் பிரபஞ்சமெங்கும் ஒரு கதிர்வீச்சு பரவியிருக்க வேண்டும் என்றும், அதன் வெப்பநிலை தனிச்சுழியிலிருந்து ஏறக்குறைய 5 பாகை இருக்கும் என்றும் முன்கூட்டியே கணக்கிட்டுக் கூறினார்கள். 1955இல் ஆல்பர் பல்கலைக் கழக உலகத்தை விட்டுத் தொழில் நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சிச் சாலைக்குச் சென்றார். பத்தாண்டுகள் கழித்து, 1965இல், பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் அக்கதிர்வீச்சைக் கண்டதாக அறிவித்தனர். 1978இல் அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. முன்கூறியவர்களைப் பலரும் மறந்திருந்தனர். அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞானப் பதக்கம் ஆல்பரைத் தேடி வந்தபோது ஆண்டு 2007. அவர் நோயுற்றிருந்தார், மகன் சென்று பெற்றுக்கொண்டார். சில நாட்களில் ஆல்பர் மறைந்தார்.

இதை நான் சொல்லுவது காமாவைப் பழிப்பதற்காக அன்று. அவர் மேதை, மாணவருக்குத் தீங்கு நினைத்தவரும் அல்லர். நல்லெண்ணம் உடையவரே தம் கையில் உள்ள சிறிய அதிகாரத்தைச் சிந்திக்காமல் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கே இதைச் சொன்னேன்.

முதலிடம் கிடைத்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. காசநோய்க்கு மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசினைப் பற்றி 1944இல் வெளிவந்த முதற்கட்டுரையில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவரின் பெயரே முதலில் இருந்தது. அடுத்து எலிசபெத் பூஜி. கடைசியில் பேராசிரியர் வாக்ஸ்மன். ஆயினும் 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அதற்கு முன்பே ஷாட்ஸ் வழக்குத் தொடுத்து, தாமும் அம்மருந்தைக் கண்டவருள் ஒருவர் என்பதைச் சட்டப்படி நிலைநாட்ட வேண்டியிருந்தது. பூஜியின் பெயரோ காப்புரிமைப் பத்திரத்திலேயே இல்லை.

இன்னொருவர் ஜோசலின் பெல். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அவர், வானொலித் தொலைநோக்கி நாள்தோறும் ஏறத்தாழ நூறு அடி நீளத்துக்குக் கக்கிய காகிதச் சுருளைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, 1967இல் ஒரு விந்தையான துடிப்பைக் கண்டுபிடித்தார். ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேலாக, தவறாமல் ஒரு துடிப்பு! அதுவே முதன்முதலாக அறியப்பட்ட துடிவிண்மீன். 1968இல் வெளிவந்த கட்டுரையில் ஐந்து பெயர்கள். பேராசிரியர் ஹூவிஷ் முதலில், பெல் இரண்டாவது. 1974இல் நோபல் பரிசு ஹூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் கிடைத்தது. அந்த ஐந்து பெயர்களையும் வெறும் எழுத்து வரிசைப்படி எழுதியிருந்தால் பெல்லின் பெயரே முதலில் வந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். 2018இல் அவருக்கு 30 லட்சம் டாலர் கொண்ட ஒரு பரிசு கிடைத்தது. அத்தொகை முழுவதையும், வாய்ப்புக் குறைந்த மாணவர்கள் பௌதிக ஆராய்ச்சி செய்வதற்கான உதவித்தொகையாக அவர் கொடுத்துவிட்டார்.

'அப்படியானால் எல்லாத் துறையிலும் எழுத்து வரிசையையே பின்பற்றிவிடலாமே. சண்டை ஒழியுமே' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பொருளாதாரத் துறையில் அவ்வழக்கமே பெரும்பாலும் நிலவுகிறது. ஐனாவ், யாரிவ் என்ற இருவர் 2006இல் இதை ஆராய்ந்தனர். அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளில், குடும்பப் பெயர் நெடுங்கணக்கின் முற்பகுதி எழுத்தில் தொடங்குபவர்களுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கும் வாய்ப்பு மிகுதியாக இருப்பதை அவர்கள் கண்டனர். எழுத்து வரிசையைப் பின்பற்றாத உளவியல் துறையில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. எழுத்து வரிசையில் பெயர் முன்னால் நிற்கிறது. முன்னால் நிற்பதால் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. எடுத்துக்காட்டப்படுவதால் புகழ் சேர்கிறது. பாட்டனார் வைத்த பெயரின் முதலெழுத்து பேரனின் உத்தியோகத்தைத் தீர்மானிக்கிறது! பெண்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஆண்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பொருளாதாரத் துறையில் பெண்களுக்கு உரிய மதிப்புக் கிடைப்பதில்லை என்று ஹீதர் சார்சன்ஸ் என்பவரின் ஆராய்ச்சி காட்டியது. வரிசை ஒன்றும் சொல்லாதபோது, படிப்பவர் தம் மனத்திலுள்ள எண்ணத்தையே அங்கே நிரப்பிக்கொள்கிறார்.

தமிழ் மாணவர்களாகிய உங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயருடைய முதலெழுத்தே நம் பெயருக்கு முன் நிற்கிறது. வெளிநாட்டு இதழோ 'உமது குடும்பப் பெயர் யாது?' என்று கேட்கிறது. ஆறுமுகத்தின் மகன் முத்து என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஓர் இதழில் 'முத்து' என்றும், மற்றோர் இதழில் 'ஆறுமுகம்' என்றும் அவர் பட்டியலிடப்படுவார். ஒரே மனிதர் இரண்டு மனிதராகிவிடுவார். அவருடைய உழைப்பும் இரண்டாகப் பிரிந்துவிடும். ஆகவே முதற்கட்டுரை எழுதும்போதே ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொண்டு, கடைசி வரையில் அதையே கையாளுங்கள். 2012இலிருந்து 'ஆர்க்கிட்' என்னும் 16 இலக்க அடையாள எண்ணும் ஆராய்ச்சியாளர்களுக்கு இலவசமாக வழங்கப்படுகிறது. பெற்று வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் பிறர் கதை. இனி என் கதையைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன்.

நான் மாணவனாக இருந்தபோது, என் முதற்கட்டுரையில் என் பெயர் கடைசியில் நின்றது. வேலை முழுவதும் என்னுடையது. ஆனால் நான் வருந்தவில்லை. குருவுக்குச் செலுத்தும் காணிக்கை என்று எண்ணிக்கொண்டேன். பின்னாளில் நான் வழிகாட்டியானேன். அந்தக் காணிக்கையை, கேளாமலே, நானும் வாங்கத் தொடங்கினேன். என்னிடம் ஆராய்ச்சி செய்த மாணவி ஒருவர். மின்சாரம் தடையின்றி இருக்கும் நேரம் பார்த்து இரவெல்லாம் கருவியின் அருகிலே அமர்ந்து அளவுகள் எடுத்தார். அவருடைய உழைப்பிலிருந்து இரண்டு கட்டுரைகள் பிறந்தன. இரண்டிலும் என் பெயர் முதலில்; துறையில் மூத்தவர் ஒருவரின் பெயர் இரண்டாவது; மாணவியின் பெயர் மூன்றாவது. அந்த மூத்தவர் கட்டுரையைப் படித்துப் பார்த்தாரா என்பதுகூட எனக்கு ஐயமே. மாணவி ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் நினைக்கவில்லை.

ஆண்டுகள் சென்றன. அவர் ஒரு கல்லூரியில் ஆசிரியரானார். பின்னர் இணைப் பேராசிரியர் பதவி ஒன்றுக்கு விண்ணப்பிக்க விரும்பினார். பல்கலைக் கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளின்படி அப்பதவிக்கு ஆராய்ச்சி மதிப்பெண் 75 வேண்டும். ஒரு கட்டுரைக்கு இரண்டு பேருக்கு மேல் ஆசிரியர் இருந்தால், முதல் ஆசிரியருக்கோ, தலைமை ஆசிரியருக்கோ, கடிதத் தொடர்புக்குரிய ஆசிரியருக்கோ மதிப்பெண்ணில் 70 விழுக்காடு. மற்றவர் ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடு. அந்தக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் பத்துப் பத்து. அவருக்குக் கிடைத்தது மூன்றும் மூன்றும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் 70 தேறியது.

ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். தயங்கித் தயங்கி, "ஐயா, அந்தக் கட்டுரைகளில் நான் செய்த வேலை இன்னதென்று ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். அவர் போன பிறகு நான் கணக்குப் போட்டேன். அவர் பெயர் முதலில் நின்றிருந்தால் மூன்று ஏழாகியிருக்கும். இரண்டு கட்டுரைக்கும் எட்டு மதிப்பெண் கூடியிருக்கும். 70 என்பது 78 ஆகியிருக்கும். எனக்கு என்ன குறைந்திருக்கும்? கடிதத் தொடர்புக்குரிய ஆசிரியன் நானே. ஆகவே என் ஏழு என்னிடமே இருந்திருக்கும். எனக்கு ஒரு காசு நட்டமில்லாத இடத்தில் நான் அவருடைய பதவியை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன்!

கடிதம் எழுதிக் கொடுத்தேன். உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அக்கடிதத்திற்கு ஒரு கட்டம் இல்லை. அச்சான பெயரின் இடத்திற்குத்தான் மதிப்பெண் உண்டு. மனம் திருந்திய ஆசிரியனின் கடிதத்திற்கு இல்லை. அம்முறை அவருக்கு அப்பதவி கிடைக்கவில்லை. அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இதற்குப் பரிகாரம் இல்லையா? உண்டு. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஆசிரியர் என்று பெயரிடத் தகுதியுள்ளவர் யார் என்பதற்கு விதிகள் வகுத்திருக்கிறது. ஆராய்ச்சியில் உண்மையான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்திற்கு ஒப்புதல், அதன் பிழைகளுக்குப் பொறுப்பு ஆகிய நான்கும் வேண்டும். பணம் வாங்கிக் கொடுத்தவர், அறைச் சாவி கொடுத்தவர் என்பதற்காக மட்டும் பெயர் சேர்த்தல் கூடாது. 'கிரெடிட்' என்ற மற்றொரு முறையில், கட்டுரையின் இறுதியில், கருத்துத் தந்தவர் யார், சோதனை செய்தவர் யார், கணக்கிட்டவர் யார், எழுதியவர் யார் என்று 14 வகைப் பங்குகள் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. திரைப்படத்தின் தொடக்கத்தில் இசை இன்னார், ஒளிப்பதிவு இன்னார் என்று காட்டுகிறார்களே, அதைப் போன்றது. டெப்ராஜ் ரே, ஆர்தர் ராப்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2018இல் வேறொரு வழி கூறினர். சம பங்கு உடையவர்கள் சீட்டுப் போட்டு வரிசையை முடிவு செய்து, அப்படிச் செய்ததற்கு அடையாளமாகப் பெயர்களுக்கு இடையே ஒரு வட்டக் குறி இடலாம் என்பது அவர்கள் யோசனை.

இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் ஏற்பாட்டைவிட மனநிலை முக்கியம். ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஏறத்தாழ நூறு கட்டுரைகள் சேர்ந்து எழுதினார்கள். அவர்களுக்குள் ஓர் உடன்பாடு இருந்தது: இருவர் பெயரில் வெளிவரும் கட்டுரையில் ஒருவர் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தாலும் அது ஒரு பொருட்டன்று. எவ்வளவு உயர்ந்த நட்பு! ஆனால் அவர்கள் இருவரும் சமமானவர்கள். இருவருக்கும் பதவி உறுதியாக இருந்தது. ஒருவர் ஆசிரியராகவும் மற்றவர் மாணவராகவும் இருக்கும் இடத்தில், 'வரிசையில் என்ன இருக்கிறது?' என்று பெரியவர் சொல்வது பெருந்தன்மை ஆகாது. அவருக்கு ஒன்றுமில்லைதான், மாணவருக்கு எல்லாம் அதில் இருக்கிறது.

ஆகவே, மாணவ நண்பர்களே, உங்களிடம் மூன்று சொற்கள். முதலாவது: யார் பெயர் எங்கே நிற்கும் என்ற பேச்சை வேலை தொடங்கும் அன்றே பேசிவிடுங்கள். பணிவாகக் கேட்டால் அது மரியாதைக் குறைவு ஆகாது. வேலை மாறினால் மீண்டும் பேசுங்கள். இரண்டாவது: நாள்தோறும் செய்ததைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நினைவு ஒருதலைப்பட்சமானது, ஏடு அப்படியன்று. மூன்றாவது: நீங்கள் உழைக்காத கட்டுரையில் உங்கள் பெயரை யாரேனும் இனாமாகச் சேர்க்க முன்வந்தால், நன்றி கூறி மறுத்துவிடுங்கள். அந்த இடம் வேறொருவருடையது.

உங்களுள் சிலர் நாளை பேராசிரியர்கள் ஆவீர்கள். தேர்வுக் குழுவில் அமர்வீர்கள். அப்போது பெயர் நின்ற இடத்தை மட்டும் எண்ணாமல் கட்டுரையைத் திறந்து படியுங்கள். எதிரே இருப்பவரை, "இதில் நீங்கள் செய்தது என்ன?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காது கொடுங்கள். என் மாணவியை அன்று யாரேனும் அப்படிக் கேட்டிருந்தால், இரவு முழுவதும் அவர் எடுத்த அளவுகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

அவர் இப்போது தம்மிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு வழிகாட்டுகிறார். அண்மையில் அவர்களுடைய கட்டுரை ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். முதலில் மாணவரின் பெயர். கடைசியில் அவர் பெயர். நடுவில் உழைக்காதவர் எவருமில்லை. அதை நான் இரண்டு முறை படித்தேன்.